ஃபிரேமுக்குள் வந்த அண்ணி

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்கழி விடியலில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு பாறைத் திட்டில் நடந்தது இது. நான் செங்கல்பட்டில் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவள். பொம்பளை போட்டோகிராபரா என்று ஆரம்பத்தில் வாயைப் பிளந்தவர்கள், மணப்பெண் அறைக்குள் கூச்சமில்லாமல் வந்துபோக ஒரு ஆள் கிடைத்தாள் என்று இப்போது என்னையே கூப்பிடுகிறார்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஊரெல்லாம் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது நாங்கள் கேமராவைத் துடைத்துக்கொண்டிருப்போம். புதிதாக ஏதாவது வாங்குவதென்றாலும் அந்த மாதத்தில்தான் யோசிப்போம்.

அந்த வருடம் ஒரு வைட் ஆங்கிள் ஜூம் லென்ஸ் வாங்கியே தீர வேண்டிய நிலைமை எனக்கு. காரணம் ஒரு சித்தப்பா. படாளம் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். மேடைக்கு எதிரே நாலு எட்டு வைத்தால் சுவர். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும், கேமராவோடு வந்த பதினெட்டு மில்லிமீட்டர் லென்ஸுக்குள் அந்தக் குடும்பம் அடங்கவில்லை. நெருங்கி நில்லுங்க, இன்னும் நெருங்கி நில்லுங்க என்று தொண்டை வற்றக் கத்தி ஒரு வழியாக எடுத்தேன். ஆல்பம் கைக்கு வந்த பிறகு பார்த்தால், வலது ஓரத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு கண்ணும் ஒரு காதுமாக நிற்கிறார். வேண்டுமென்றே வெட்டச் சொன்னார்கள் என்று அவர் அந்த வீட்டுப் படியேறுவதையே நிறுத்திவிட்டார். சண்டைக்குப் பிள்ளையார் சுழி போட்டது நான்தான் என்று ஊருக்குள் பேச்சு.

இந்த மில்லிமீட்டர் எண் குறையக் குறைய, படத்துக்குள் அடங்கும் அகலம் கூடும். அவ்வளவு தெரிந்தால் போதும். என் மனதில் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. ஒன்று பத்திலிருந்து பதினெட்டு வரை போவது. எடை குறைவு, பிளாஸ்டிக் உடம்பு, வெளிச்சம் மங்கிய இடத்தில் திணறும். இன்னொன்று பதினொன்றிலிருந்து பதினாறு வரை. கையில் எடுத்தால் குழவிக்கல் மாதிரி கனக்கும், ஆனால் இருட்டு மண்டபத்திலும் பளிச்சென்று எடுக்கும். என் ஆசையெல்லாம் அந்தக் குழவிக்கல் மேல்தான். பத்துக்கும் பதினொன்றுக்கும் ஒரே ஒரு மில்லிமீட்டர், அதில் என்ன குடி முழுகிப்போகும் என்று நினைத்தேன். இருந்தாலும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று இரண்டையும் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தேன்.

வாகாக ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. அச்சரப்பாக்கத்துப் பெண் ஒருத்திக்குத் தையில் கல்யாணம். அதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு கடற்கரையில் ப்ரீ வெட்டிங் ஷூட் வேண்டும் என்றாள். மார்கழியில் இதெல்லாம் தேவையா என்று அவள் அம்மா முதலில் மறுத்தார். பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததும் இறங்கி வந்து, ஒரு நிபந்தனை போட்டார். தாலி ஏறும் முன்னால் இரண்டு பேரையும் தனியே அனுப்ப முடியாது, அண்ணி கூடவே போக வேண்டும். அண்ணி என்றால் பெண்ணின் அண்ணன் மனைவி. என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அண்ணி என்று கூப்பிட்டதால் எனக்கும் அவர் அண்ணி ஆகிவிட்டார்.

விடிவதற்கு முன்பே செங்கல்பட்டில் என்னை ஏற்றிக்கொண்டு கார் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனது. மாப்பிள்ளை வண்டியை ஓட்ட, பெண் பட்டுச்சேலையில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நானும் அண்ணியும். அண்ணியின் மடியில் ஒரு பழுப்பு நிறக் கைப்பை. பெண்ணின் நகைகளில் பாதி கழுத்திலும், மாற்றிப் போட மீதி அந்தப் பையிலும். பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். வழியில் இட்லி சாப்பிட இறங்கியபோதும் அவிழ்க்கவில்லை. இடது கையில் பை தொங்க, வலது கையால் சாம்பாரில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். கை கழுவும்போதும் பை கையோடுதான் இருந்தது.

பெண்ணின் சேலையைப் பார்த்தேன். தோளில், இடுப்பில், கொசுவத்தில், முந்தானை மடிப்பில் என்று எங்கே பார்த்தாலும் ஊக்கு. "சேலையா இது, ஊக்குக் கடையா?" என்று கேட்டுவிட்டேன். படத்தில் ஊக்கு மின்னும் என்பது என் கவலை.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடக்கர காத்துல அவுந்துனு நின்னா நீயா வந்து புட்ச்சுக்குவ? ஒண்ணொண்ணுத்தையும் ரவிக்கையோட, உள்பாவாடையோட சேத்துக் குத்திக்கீறேன். இழுத்தாலும் வராது."

இந்த அம்மாவோடு இன்றைய பொழுது எப்படிப் போகப்போகிறதோ என்று அப்போதே எனக்கு எரிச்சல் வந்தது.

கோயில் பக்கம் கல்யாணப் படம் எடுக்க ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால் சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு இடத்துக்குப் போனோம். மணலிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைத் திட்டு. இடது பக்கம், மணலில் கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகு. கடல் அமைதியாகத்தான் இருந்தது. பாறையின் நுனியில் மட்டும் அவ்வப்போது கொஞ்சம் நுரை ஏறி இறங்கியது. வடக்கே வானம் கறுத்திருந்ததை நான் பார்த்தேன். மேகம் இருந்தால் படத்துக்கு அழகு என்பதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

முதலில் குழவிக்கல்லைப் போட்டு எடுத்தேன். அண்ணி சும்மா இருக்கவில்லை. நான்கு படத்துக்கு ஒரு தடவை உள்ளே வந்து முந்தானையைச் சரி செய்வார், பூவை நகர்த்துவார், மாப்பிள்ளையின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்து அதை ஒரு சாண் இறக்கி வைப்பார். சூரியன் மேலே வந்துகொண்டிருந்தது. அந்தப் பொன் வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதற்குள் முடிக்க வேண்டும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணி, தள்ளி நில்லுங்க. நீங்க வந்தா ஃபிரேம் கெட்டுப்போவுது."

"இங்க நின்னா வருவனா?"

"வருவீங்க."

"இங்க?"

"இன்னும் தள்ளி. அந்தப் படகுகிட்ட போயிடுங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய், படகின் ஓரமாகப் பையோடு நின்றார். லென்ஸ் வழியாகப் பார்த்தேன். படகின் மூக்கு மட்டும் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அடுத்து பத்து மில்லிமீட்டர் லென்ஸ். உப்புக் காற்று உள்ளே போகாமல் இருக்க, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாற்றினேன். மாற்றியதும் கண்ணைக் கேமராவில் வைத்தவள்தான், அதன் பிறகு இறக்கவே இல்லை. அங்கேதான் வினை.

வைட் ஆங்கிள் லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும், பின்னால் இருப்பதைச் சுருக்கி எங்கேயோ தள்ளி வைக்கும். கண்ணால் பார்த்த கடல் பெரிதாக இருந்தது. கேமராவுக்குள் அது பாவாடை நாடா மாதிரி ஒரு கோடு. அலைகளெல்லாம் சின்னச் சின்னச் சுருக்கங்கள். கடற்கரைக்கு வந்து கடலே இல்லாமல் படமா என்று எனக்குத் தாங்கவில்லை.

"கொஞ்சம் பின்னாடி போங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்து நின்றபடியே பின்னால் போனார்கள். இப்போது அவர்கள் சின்னதாகிவிட்டார்கள். நான் முன்னால் போனேன். அவர்கள் பெரிதானார்கள், கடல் மறுபடியும் நாடாவானது. இன்னும் கொஞ்சம் பின்னாடி என்றேன். அவர்கள் போக, நானும் போக, இப்படியே மூன்று பேரும் பாறையின் மேல் கடலை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"மேடம், இங்க ஈரமா கீது. வழுக்குது," என்றார் மாப்பிள்ளை.

"செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க. ஒரே நிமிஷம், முடிஞ்சுது. சிரிங்க."

சிரித்தார்கள். அவ்வளவு அழகாக இருந்தது. தூரத்தில் ஒரு சுருக்கம் கொஞ்சம் தடித்து வந்தது. வரட்டும், அது இன்னும் கிட்டே வந்தால்தான் படத்துக்கு எடுப்பு என்று காத்திருந்தேன். அப்போது படத்தின் இடது ஓரத்தில் ஏதோ அசைந்தது. அண்ணி. படகை விட்டு முன்னால் வந்திருந்தார். பழைய லென்ஸாக இருந்தால் வெளியே நின்றிருப்பார், இந்த லென்ஸின் அகலத்தில் உள்ளே வந்துவிட்டார். ஓரத்தில் இருப்பவர்களை இந்த லென்ஸ் இழுத்து நீட்டிவிடும். கையும் காலும் ஒட்டடைக் கம்பு மாதிரி நீள, இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காற்று இரைச்சலில் ஒரு எழுத்தும் காதில் விழவில்லை. மறுபடியும் முந்தானைதான் என்று நினைத்தேன். கேமராவை இறக்காமலே, தள்ளிப் போங்க என்று இடது கையால் சைகை காட்டினேன். அவர் போகவில்லை. உள்ளே உள்ளே வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்தோடுதான் பட்டனையும் அழுத்தினேன்.

அப்போது அவர் கையிலிருந்து ஏதோ விழுவது தெரிந்தது.

பை. விடியற்காலையிலிருந்து மணிக்கட்டில் சுற்றியிருந்த, இட்லிக்குக்கூட அவிழ்க்காத அந்தப் பை மணலில் கிடந்தது. அண்ணி அதைத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துகொண்டிருந்தார். கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்தேன்.

கேமராவுக்குள் சின்னச் சுருக்கமாக இருந்த அலை, வெளியே மாப்பிள்ளையின் தலைக்கு மேல் நின்றது. பச்சையாக, சத்தமே இல்லாமல். அவர்கள் இரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் எனக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் கனவில் வருகிறது.

கத்தினேனா என்று நினைவில்லை. கைக்கு எட்டியது மாப்பிள்ளையின் ஜிப்பா. அதைப் பிடித்து இழுத்தேன், அதற்குள் அலை அடித்துவிட்டது. மல்லாக்க விழுந்தேன். காதுக்குள் தண்ணீர், வாய்க்குள் மணல், முதுகுக்குக் கீழே பாறை அறுத்தது. தண்ணீர் இறங்கியபோது மாப்பிள்ளை என் மேல் கிடந்தார். பெண்ணைக் காணோம்.

பாறையில் பக்கவாட்டில் ஒரு பிளவு இருந்தது. திரும்பிப் போன தண்ணீர் அவளை அதற்குள் இழுத்திருந்தது. மார்பு வரை தண்ணீர். ஒரு கை பாறையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பட்டுச்சேலை தண்ணீர் குடித்தால் என்ன கனம் கனக்கும் என்று துவைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கனம் அவளைக் கீழே இழுத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு எதுவும் செய்யத் தோன்றவில்லை. இவளை நான் கொன்றுவிட்டேன் என்று மட்டும் தோன்றியது.

அண்ணி எங்களைத் தாண்டிப் போய்ப் பாறையின் மேல் குப்புற விழுந்தார். தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த முந்தானையை எட்டிப் பிடித்து, பையின் வாரைச் சுற்றியிருந்தாரே, அதே மாதிரி மணிக்கட்டில் சுற்றினார். "கால புடிங்கடா" என்று ஒரு சத்தம் போட்டார். மாப்பிள்ளை ஒரு காலையும் நான் ஒரு காலையும் பிடித்தோம். அடுத்த அலை வந்தது. இரண்டு பேரும் தண்ணீருக்குள் மறைந்தார்கள். என் கைக்குள் அண்ணியின் கணுக்கால் மட்டும் இருந்தது. அதை விட்டால் இரண்டு உயிர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் என் கண் முன்னால் வந்து போனார்கள்.

தண்ணீர் வடிந்தது. முந்தானை கயிறு மாதிரி விறைத்து நின்றது. அதன் மறுமுனையில் பெண் இருந்தாள். ஒரு ஊக்கும் விடவில்லை. தோளில் குத்தியது, இடுப்பில் குத்தியது, கொசுவத்தில் குத்தியது எல்லாம் சேர்ந்து அவளைப் பிடித்து வைத்திருந்தன. சாதாரணமாகக் கட்டிய சேலையாக இருந்திருந்தால் சேலை மட்டும்தான் அண்ணி கைக்கு வந்திருக்கும். மூன்றாவது அலை வந்து அவளைக் கொஞ்சம் மேலே தூக்கியது. அந்த நேரம் பார்த்து மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். அவள் பாறை மேல் வந்து விழுந்தாள். நிற்காமல், தவழ்ந்தே மணலுக்கு வந்தோம்.

ஊக்கு கிழித்துப் பெண்ணின் தோளிலிருந்து ரத்தம் வழிந்தது. உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. எனக்கும் அழுகை பொங்கியது, அடக்கவில்லை.

அண்ணி எழுந்து என் எதிரே வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பின்னாடி போ, பின்னாடி போன்னு சொல்லிகினே இருந்தியேம்மா. பின்னாடி இன்னா கீதுன்னு ஒரு தபா பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்ல முடியாது, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அலையைக் கேமராவுக்குள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

அப்புறம்தான் அவருக்குப் பை ஞாபகம் வந்தது. போட்டது போட்டபடி படகுக்கும் பாறைக்கும் நடுவே கிடந்தது. எடுத்து, மணலைத் தட்டி, வாரை மறுபடியும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். முந்தானை அறுத்த இடத்தில் சிவப்பாக ஒரு வளையம் இருந்தது. அதன் மேலேயே சுற்றினார். காரில் ஏறியதும், "வூட்ல யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அத்தைக்குத் தெரிஞ்சா இந்த வருசம் கல்யாணமே கெடையாது, பேஜாராப் பூடும்," என்றார். காரில் சளி பிடித்தாற்போல் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தோம்.

என் கேமரா செத்துவிட்டது. மெமரி கார்டு மட்டும் பிழைத்தது. மறுநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கடைசிப் படத்தில் நடுவில் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அந்த அலை, பார்த்தால் வாசற்படி உயரம்கூட இல்லை. இடது ஓரத்தில் வாயைத் திறந்தபடி அண்ணி. அதற்கு முன்னால் குழவிக்கல்லில் எடுத்த படங்களையும் பார்த்தேன். படகின் மூக்கு மட்டும் தெரிகிறது. அந்த லென்ஸ் கேமராவில் இருந்திருந்தால் அண்ணி ஓடி வந்தது எனக்குத் தெரிந்திருக்காது. பை விழுந்ததும் தெரிந்திருக்காது. நான் பாட்டுக்கு அலை கிட்டே வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருப்பேன். ஒரு மில்லிமீட்டரில் என்ன குடி முழுகும் என்று கேட்டவள் நான்.

குழவிக்கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உப்புத் தண்ணீர் குடித்த அந்தப் பிளாஸ்டிக் லென்ஸைக் காசு கொடுத்து நானே எடுத்துக்கொண்டேன். பழுது பார்ப்பவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். எவ்வளவு துடைத்தும் ஜூம் வளையத்துக்குள் எங்கேயோ கொஞ்சம் மணல் தங்கிவிட்டது. திருப்பினால் நறநற என்கும்.

தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெண்ணின் தோளில் இருந்த காயத்தை ரவிக்கைக் கை மறைத்துவிட்டது. இரவல் கேமராவில் அந்த லென்ஸைப் போட்டு, மேடையில் குடும்பப் படம் எடுக்க எல்லோரையும் நிறுத்தினேன். சித்தப்பாக்களை எல்லாம் எண்ணி உள்ளே சேர்த்தேன். அண்ணியைக் காணவில்லை. பார்த்தால், மேடைக்குக் கீழே, ஓரமாக ஒரு தூணுக்குப் பக்கத்தில், பையோடு நிற்கிறார்.

"அண்ணி, மேல வாங்க."

"நான் எதுக்கும்மா? ஃபிரேம் கெட்டுப்பூடப் போவுது," என்றார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு இறங்கிப் போய், அவர் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வந்து, பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நடுவில் யாரோ முணுமுணுத்தார்கள், கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். பெண் குனிந்து அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று அந்த மேடையில் எங்கள் நான்கு பேருக்குத்தான் தெரியும்.

இப்போதும் ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த வளையத்தைத் திருப்பும்போது உள்ளே மணல் நறநறக்கிறது. உடனே கேமராவை இறக்கி, நான் தள்ளி நிற்கச் சொன்னவர்கள் ஓரத்திலிருந்து என்னிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறார்களா என்று வெறும் கண்ணால் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.